பவணந்தியார் கண்ட எழுத்து
(பெருமாள்மலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இப்பெருமாள்மலை பழனிமலைத் தொடரைச் சார்ந்தது. இத்தொடரின் அடிவாரப் பகுதியில், பழனிக்கு அருகே ஐவர்மலை உள்ளது. கி.பி. 870இல், வரகுண பாண்டியன் காலத்தில், சாந்திவீரக் குரவர் அங்குள்ள பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, 505 காணம் பொன் அளித்த செய்தி அங்கே கல்வெட்டாய் நிற்கிறது. கல்லில் நம் முன்னோர் பொறித்துவைத்தது அது. சொல்லில் பொறித்துவைத்தது நன்னூல். அதனை இயற்றிய பவணந்தி முனிவரைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

சனகை என்னும் ஊர்ச் சன்மதி முனிவரின் அருள் பெற்றவர் பவணந்தியார். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துச் சிற்றரசன் சீயகங்கன் வேண்ட, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி நன்னூலை யாத்தார். எழுத்தும் சொல்லுமாகிய இரண்டு அதிகாரங்களே இன்று நமக்குக் கிடைக்கின்றன. முன்னதை அசோக நிழலில் அமர்ந்த அருகனையும், பின்னதை முக்குடை நிழற்றும் இறைவனையும் தொழுது தொடங்குகிறார்.

அவர் சமயம் கடவுள் வாழ்த்தோடு நின்றுவிடவில்லை. எழுத்தின் இலக்கணம் கூறும் 58ஆம் நூற்பாவைப் பாருங்கள். மொழிக்கு முதற்காரணமாகிய அணுத்திரளின் ஒலியே எழுத்து என்கிறார். உள்ளிருந்து எழும் காற்று, மிடறு, நா, பல், இதழ் ஆகியவற்றால் எழுத்துப் பிறக்கும் முறையைத் தொல்காப்பியரே விரித்துரைத்தார். அதனோடு அணுவைச் சேர்த்தவர் பவணந்தியார். வைசேடிகர் ஒலியை ஆகாயத்தின் குணம் என்பர். நம் தத்துவார்த்த சூத்திரமோ அதனைப் புற்கலத்தின் விகாரம் என்கிறது. இன்றைய அறிவியல் ஒலியைப் பொருளின் அதிர்வு எனக் கொள்வதால், இரண்டும் முற்றும் ஒன்றே எனச் சொல்லிப் பெருமை கொள்ள வேண்டுவதில்லை. நாம் கொள்ள வேண்டிய கருத்து வேறு.

சொல் வெறும் காற்றன்று, பொருள். மனம், மொழி, மெய் ஆகியவற்றின் இயக்கமே வினை வந்து சேரும் வாயில் என்பது நம் ஆகமம். ஆகவே கடுஞ்சொல்லும் ஒரு செயலே, அதுவும் இம்சையே. ஊன் உண்ணா நோன்பைப் பேணும் நம் இல்லங்களில் நாவின் நோன்பும் அவ்வாறே பேணப்படுகிறதா? ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வோம்.

நன்னூலைப் பிற சமயத்தாரும் போற்றினர். மயிலைநாதராகிய சமணர் உரை வகுத்தார். சங்கரநமச்சிவாயர் என்னும் சைவர் விருத்தியுரை கண்டார். சிவஞான முனிவர் அதனைத் திருத்தினார். மயிலைநாதர் உரையை 1918இல் அச்சில் தந்தவர் உ.வே. சாமிநாதையர். பிறர் இவ்வாறு காத்த நூல் நம் பிள்ளைகள் கையில் இல்லை. நன்னூலார் நம்மவர் என்று மேடையில் சொல்கிறோம். வீட்டில் அந்நூல் இருக்கிறதா?

பழையன மறைவதும் புதியன சேர்வதும் காலத்தின் இயல்பு, குற்றமன்று என்றே அவர் நூலை முடிக்கிறார். பிள்ளைகள் ஆங்கிலம் கற்பது குற்றமன்று. தமிழைக் கல்லாது விடுவதே இழப்பு. ஆகவே, வழிபாடு முடிந்தபின் நாள்தோறும் ஒரு நூற்பாவைப் பிள்ளைகளுக்குப் பொருளோடு சொல்லிக்கொடுங்கள். 462 நூற்பாக்களும் ஓராண்டும் சில திங்களும் கடப்பதற்குள் நிறைவுறும்.

அறம் வளர்க! தமிழ் வாழ்க!