பிரம்பும் தூக்குமரமும்



வன்னிப் பாடசாலைகளில் பிள்ளையை ஒப்படைக்க வரும் பெற்றோருட் சிலர், "கண் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் அடியுங்கள், ஐயா" என்று இன்றும் கூறுவதுண்டு. போதைப்பொருளைப் பற்றிப் பேச்செழுந்தால், "நாலு பேரைத் தூக்கிலிட்டால் நாடு திருந்தும்" என்பாரும் உளர். இவ்விரு கூற்றுக்கும் வேர் ஒன்றா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஜேர்மனியில் ஹிட்லரின் ஆட்சி விளைத்த கொடுமைகளைக் கண்ட அடோர்னோவும் அவருடைய துணைவர் மூவரும் கலிபோர்னியாவில் ஓர் ஆராய்ச்சி நடத்தி, 1950 இல் அதனை நூலாக வெளியிட்டனர். மேலோருக்கு மறுப்பின்றிப் பணிதல், எளியோரை இகழ்தல், வழி தவறியோரைக் கடுமையாகத் தண்டிக்க விழைதல் ஆகிய மூன்றும் ஒரே மனத்தில் சேர்ந்து வாழ்கின்றன என்றும், கண்டிப்பு மிக்க இளமை வாழ்வே அதற்கு விதை என்றும் அவர்கள் கருதினர். பின்வந்த அறிஞர் இதனை முழுவதும் ஏற்றாரில்லை. வளர்ப்பு மட்டுமன்று, அச்சமும் அம்மனப்பான்மையைத் தூண்டும் என்றனர்.

நம் நாட்டு வரலாறும் அதனை நினைவூட்டுகின்றது. 1958 இல் பண்டாரநாயக்கா அரசு தூக்குத் தண்டனையை நிறுத்தி வைத்தது. மறு ஆண்டு செப்டெம்பரில் அவரே சுடப்பட்டு இறந்தார். நோர்வல் மொறிஸ் தலைமையிலான ஆணைக்குழு, அத்தண்டனையை மீண்டும் கொணர வேண்டாமென்றது. எனினும், அவ்வாண்டு முடியுமுன் அது திரும்பிற்று. ஆராய்ந்தோர் சொல்லினும் அதிர்ச்சியின் குரலே உரத்து ஒலித்தது. 1976 இற்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆயினும், 2019 இல் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிட அன்றைய சனாதிபதி ஒப்பமிட்டார். உயர் நீதிமன்றமே அதனைத் தடுத்தது.

கடுந்தண்டனை கேட்போர் யாவரும் கொடியவரல்லர். மகனைப் போதைக்குப் பறிகொடுத்த தாயின் சினம் நியாயமானதே. ஆனால், "இவன்தான் குற்றவாளியா? இத்தண்டனையாற் குற்றம் குறையுமா?" என்று கேட்க மறுக்கும் மனமே ஆபத்தானது. 2009 வரை போரையும் இடப்பெயர்வையும் சுமந்த நம் மண்ணில் அச்சம் இருப்பது வியப்பன்று. அதனைப் பிள்ளைகளுக்கு முதுசமாக விட்டுச் செல்லலாகாது.

பாடசாலையில் உடற்றண்டனை கூடாதெனக் கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றறிக்கை விடுத்தது. மேசையை விட்டு அகன்ற பிரம்பு மனத்தை விட்டும் அகலவேண்டும். கொடுங்கோன்மையை அடுத்து, வெருவந்த செய்யாமை என ஓர் அதிகாரத்தை வள்ளுவர் அரசனுக்கு வகுத்தார். வகுப்பறைக்கு ஆசிரியரும் வீட்டுக்குப் பெற்றோரும் அரசரே. ஒழுங்கு வேண்டும்; அதற்குக் காரணமும் சொல்லப்படவேண்டும். "ஏன்?" என்று கேட்ட பிள்ளைக்கு இன்று விடை சொல்வோமாயின், நாளை அவன் ஆள்வோரையும் அவ்வாறே கேட்பான்.