குறைந்த விலையை யார் சுமக்கிறார்கள்?



இன்று பட்டம் பெறும் நீங்கள் உணவக மேலாண்மையும் வணிக மேலாண்மையும் படித்து முடித்திருக்கிறீர்கள். மனதில் நட்சத்திர ஓட்டல் இருக்கலாம். ஆனால் உங்களில் பலருக்கு வேலை காத்திருப்பது ஆலை கேன்டீனிலும் மருத்துவமனைச் சமையற்கூடத்திலும் கல்லூரி விடுதியிலும்தான். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீனைக் கட்டாயமாக்க மாநில அரசுகளுக்கு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே வழி செய்தது. இன்று சமையல், துப்புரவு, காவல் என்று பலவும் கான்ட்ராக்டில் ஓடுகின்றன.

பொருளாதாரம் மந்தமாகும்போது நிர்வாகங்கள் முதலில் கை வைப்பதும் இங்கேதான். ஆட்குறைப்பு செய்தால் செய்தியாகிவிடும். டெண்டர் விலையைக் குறைத்தால் வெளியே தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினம் 1,000 சாப்பாடு, ஒன்று 60 ரூபாய் என்று ஒருவர் கேன்டீனை எடுக்கிறார். வரவு 60,000. மளிகை, காய்கறிக்கு 36,000. கூலி, கேஸுக்கு 20,000. கையில் நிற்பது 4,000. ஆலையில் ஒரு ஷிஃப்டை நிறுத்துகிறார்கள். சாப்பாடு 600 ஆகிறது; வரவு 36,000. மளிகைச் செலவு 21,600 ஆக இறங்கும். ஆனால் 600 பேருக்கும் அதே மாஸ்டர், அதே அடுப்பு வேண்டுமே! கூலியும் கேஸும் 18,000க்குக் கீழே வராது. தினம் 3,600 நஷ்டம். முதலில் சாம்பாரில் பருப்பு குறையும். பிறகு சம்பளம் தள்ளிப்போகும். அதன்பின் பி.எஃப். கட்டப்படாது.

இதையே பெரிய அளவில் பிரிட்டன் பார்த்தது. மருத்துவமனைத் துப்புரவு, பள்ளி மதிய உணவு, சிறைப் பராமரிப்பு என்று அரசின் வேலைகளை எடுத்துச் செய்த கரிலியன் நிறுவனம், 2018 ஜனவரி 15 அன்று திவாலானது. உலகெங்கும் சுமார் 43,000 ஊழியர்கள். கடன் பொறுப்புகள் ஏறக்குறைய 700 கோடி பவுண்டு. கையிருப்போ வெறும் 2.9 கோடி. சிறு சப்ளையர்களுக்கு 120 நாள் வரை பணம் தராமல் இழுத்தடித்த அதே நிறுவனம், பங்குதாரர்களுக்கு மட்டும் டிவிடெண்டை ஆண்டுதோறும் உயர்த்திவந்தது. விழுந்த அன்று பிள்ளைகளின் மதிய உணவு நின்றுவிடக் கூடாதே என்று ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் தீயணைப்பு வீரர்களைத் தயார்நிலையில் வைத்தார்கள். தரத்தைவிடக் குறைந்த விலையையே அரசு பெரிதாகப் பார்த்தது என்று நாடாளுமன்றக் குழு பின்னர் சாடியது.

வேலையைக் கான்ட்ராக்ட்டுக்கு விடலாம். பொறுப்பை விட முடியாது. நம் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய நிறுவனமே தர வேண்டும் என்றது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதைக் கைவிடவில்லை. சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் சிறு தொழில் சட்டம்.

நாளை உங்களில் சிலர் டெண்டர் விடும் பக்கம் உட்காருவீர்கள். எல்-1, அதாவது ஆகக் குறைந்த விலை, என்று வந்ததைக் கண்டு மகிழ்வதற்கு முன், குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் அதில் அடங்குமா என்று கூட்டிப் பாருங்கள். அடங்காவிட்டால் அது உங்கள் நிறுவனத்துக்கு மிச்சமல்ல. பாத்திரம் கழுவுகிறவரின் கூலியிலிருந்து கேட்காமல் எடுத்த கடன். சிலர் விலை போடும் பக்கம் இருப்பீர்கள். சாப்பாட்டு எண்ணிக்கை எவ்வளவு குறைந்தாலும் இவ்வளவுக்குப் பணம் உண்டு என்ற உறுதி, மளிகை விலை ஏறினால் விலையைத் திருத்தும் விதி, பில் பணம் வரும் தேதி ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். இல்லையென்றால், கைக்கு வந்த ஆர்டராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லும் துணிவு வேண்டும். நல்ல காலத்தில் யாரும் கான்ட்ராக்ட் நடத்திவிடலாம். மந்தகாலத்திலும் மாதம் பிறந்ததும் சம்பளம் போடுகிறவர்தான் நிர்வாகி.

அப்படிப்பட்ட நிர்வாகிகளாக நீங்கள் பெயரெடுக்க வேண்டும். வாழ்த்துகள்.