வீட்டிலேயே ஒரு செதுக்கு இயந்திரம்

(ஜோர்ஜ் டவுனில் தோட்டப்புற இளைஞர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஒரு காலத்தில் பெரிய ஆலைகளில் மட்டுமே காணப்பட்ட ஓர் இயந்திரத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறோம். சுழலும் வெட்டுமுனை ஒன்றைக் கணினியின் கட்டளைப்படி இடவலமாகவும், முன்பின்னாகவும், மேலும் கீழுமாகவும் நகர்த்தி, நாம் வரைந்து கொடுத்த வடிவத்தை மரப்பலகையில் அது செதுக்கித் தருகிறது. இதனைச் சி.என்.சி. ரவுட்டர் என்பர், கணினிவழிச் செதுக்கு இயந்திரம் என்று நாம் கூறலாம். இதன் சிறு வடிவத்தை வீட்டிலேயே பூட்டிக்கொள்ள இன்று வழி ஏற்பட்டுள்ளது. பிள்ளைகள் இதில் ஆர்வம் காட்டும்போது, "இது வெறும் விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் பணம்?" என்று பெற்றோர் கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

இந்த இயந்திரத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ஹெலிகாப்டர் விசிறிகளுக்குத் துல்லியமான அளவு வேண்டியிருந்ததால், அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் எண்களைக் கொண்டு இயந்திரத்தை இயக்கும் முறையை வகுத்தார். 1952 ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், துளையிட்ட நாடாவினால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தை இயக்கிக் காட்டியது. அது விமானப் படையின் பொருளுதவியால் உருவானது. சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது. 2005 இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் அர்டுவினோ என்னும் மலிவான மின்னணுப் பலகை தோன்றியது. 2009 இல் நார்வே நாட்டவர் ஒருவர், அப்பலகையைக் கொண்டு செதுக்கு இயந்திரத்தை இயக்கும் ஜி.ஆர்.பி.எல். என்னும் மென்பொருளை எழுதி, யாவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என வழங்கினார். விலை இறங்கியதற்கு இவையே முக்கியக் காரணங்கள்.

நமது பினாங்கும் இத்துறைக்குப் புதிதன்று. 1972 இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம் இங்கு ஆலை அமைத்தது. 1989 இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் நிறுவப்பட்டது. அங்குள்ள ஆலைகளில் உலோகம் கடையும் பெரிய இயந்திரங்களும், வீட்டு மேசையின் மேல் நிற்கும் சிறு இயந்திரமும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. சிறியதைப் புரிந்துகொண்டவனுக்குப் பெரியது அந்நியமாகத் தோன்றாது.

செதுக்குவதற்கு ஏற்ற மரமும் நம்மிடமே உள்ளது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்த ரப்பர் மரத்தை வெட்டி, முன்பு அடுப்பெரித்தோம். இன்று அதே மரம் மேசையாகவும் நாற்காலியாகவும் வெளிநாடுகளுக்குச் செல்கிறது. வெளிர் நிறமும் சீரான இழையும் கொண்ட அம்மரம் செதுக்குவதற்கு இணக்கமானது. ஆயினும் வெட்டிய மரத்தை அப்படியே பயன்படுத்தலாகாது. சில நாட்களிலேயே நீலக் கறை படியும், வண்டு துளைக்கும். போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்திய பலகையையே வாங்க வேண்டும். தளவாட ஆலைகளில் கழிக்கப்படும் துண்டுகள் பழகுவதற்குப் போதுமானவை.

இனி, இயந்திரத்தின் உறுப்புகளைக் காண்போம். முதலாவது, சட்டம். இரண்டாவது, அசைவைத் தரும் மோட்டார்களும் திருகுதண்டுகளும். மூன்றாவது, கட்டளையிடும் மின்னணுப் பலகை. நான்காவது, வெட்டுமுனையைச் சுழற்றும் மோட்டார். புதிதாகத் தொடங்குவோர் நான்காவதற்கே அதிகப் பணம் செலவிடுகின்றனர். உண்மையில் முதலாவதே தலையாயது. சட்டம் ஆடினால் எத்துணை வலிய மோட்டாரும் கோணலாகவே வெட்டும். சட்டத்தைப் பூட்டியவுடன் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால்தான் மூலைகள் நேரானவை.

கணக்கு இன்றி இவ்வியந்திரம் இல்லை. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 அடிகளாகச் சுற்றுகிறது. மின்னணுப் பலகை ஒவ்வோர் அடியையும் 16 நுண்ணடிகளாகப் பிரித்தால், ஒரு சுற்றுக்கு 3,200 நுண்ணடிகள். திருகுதண்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்துமானால், ஒரு மில்லிமீட்டருக்கு 400 நுண்ணடிகள். இந்த 400 என்னும் எண்ணையே மென்பொருளில் பதிய வேண்டும். பள்ளியில் கற்ற வகுத்தல் இங்கே பயன் தருவதைக் காணும் பிள்ளை, கணிதத்தை வெறுக்க மாட்டான்.

முதல் நாளே மரத்தில் வெட்டத் துணியாதீர்கள். வெட்டுமுனைக்குப் பதிலாக ஒரு பேனாவைக் கட்டி, 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றைத் தாளில் வரையச் செய்யுங்கள். ஒவ்வொரு பக்கமும் 100 ஆகவும், மூலைவிட்டம் ஏறத்தாழ 141.4 ஆகவும் இருத்தல் வேண்டும். பக்கம் 50 என வந்தால், பதிந்த எண் பாதியாக உள்ளது எனப் பொருள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவு வந்தால், எங்கோ ஒரு திருகு தளர்ந்துள்ளது. தாளில் பிழை தெரிந்தால் நட்டம் ஒரு தாள். மரத்தில் தெரிந்தால் பலகையும் போகும், முனையும் முறியும்.

வெட்டும் கலையை உங்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. பால் மரம் வெட்டும் கை, பட்டையை மெல்லியதாகச் சீவி, மரத்தின் உயிர்ப்படலத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் முன்பே நின்றுவிடும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். இயந்திரத்துக்கும் அதே ஒழுங்கு தேவை. சிறு இயந்திரத்தில் ஒரு முறைக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல் இறக்காமல், பல முறை சீவி ஆழப்படுத்துவதே நன்று. மிக வேகமாக நகர்த்தினால் முனை முறியும். மிக மெதுவாக நகர்த்தினால் வெட்டாமல் உராய்ந்து மரத்தைக் கருக்கும். இரு வெட்டுவிளிம்புள்ள முனை நிமிடத்துக்கு 10,000 முறை சுழன்று, 600 மில்லிமீட்டர் நகர்ந்தால், ஒவ்வொரு சீவலும் 0.03 மில்லிமீட்டர் ஆகும். அங்கிருந்து தொடங்கி, சீவலைக் கையில் எடுத்துப் பாருங்கள். தூளாக வந்தால் மெதுவு. தெளிவான சிறு சீவலாக வந்தால் சரி.

பாதுகாப்பைப் பற்றி வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். கண்ணாடியும் முகக்கவசமும் அணியாமல் இயந்திரத்தை ஓட்டலாகாது. மரத்தூள் நெடுநாள் சுவாசத்தில் புகுந்தால் புற்றுநோயும் உண்டாகலாம் என்பது நிறுவப்பட்ட உண்மை. சுழலும் முனையருகே கையுறை அணியாதீர்கள். அது கையை உள்ளே இழுக்கும். தலைமுடியைக் கட்டிக் கொள்ளுங்கள். உடனே நிறுத்தும் சிவப்புப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வீட்டு மின்சார இணைப்பை நில இணைப்புடன் உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். ஓடும் இயந்திரத்தை விட்டு அப்பால் செல்லாதீர்கள். கருகும் தூள் தீப்பற்றக்கூடும். சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் இரவில் ஓட்டுவது அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கும்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். இதற்காக எவரும் கடன் வாங்க வேண்டாம். 30 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர் அளவுள்ள சிறு இயந்திரத் தொகுதியே தொடக்கத்துக்குப் போதும். மூன்று, நான்கு குடும்பத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். பழுதான அச்சுப்பொறிகளில் பயன்படத்தக்க மோட்டார்களும் எஃகுத் தண்டுகளும் கிடைக்கும். ஜோர்ஜ் டவுனின் லோரோங் கூலிட் பழைய பொருட்சந்தை போன்ற இடங்களில் தேடிப் பார்க்கலாம். முதலில் வீட்டுப் பெயர்ப்பலகை செய்யுங்கள். கை பழகியபின், பதினான்கு குழிகள் கொண்ட பல்லாங்குழிப் பலகையைச் செதுக்குங்கள். அண்டை வீட்டார் விலை கேட்பார்கள்.

எனினும், சில்லறை வருமானத்தை விடப் பெரிய பயன் ஒன்று உண்டு. கடந்த பல ஆண்டுகளில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் மாறிவிட்டதை நீங்களே கண்டிருக்கிறீர்கள். தோட்டம் மாறியபோது, கைத்தொழில் அறிந்த பிள்ளையுள்ள குடும்பம் விரைவில் நிலைபெற்றது, மற்றவை தடுமாறின. வீட்டில் இயந்திரம் பூட்டிப் பழகியவன், மனிதவளத் துறையின் பயிற்சிக் கழகங்களிலோ, திறன் மேம்பாட்டு மையத்திலோ சேரும்போது பாதி வழியைக் கடந்தவனாகவே நுழைகிறான். மலேசியத் திறன் சான்றிதழைப் பெற்றுவிட்டால், ஆலையின் வாசலில் அவனுக்குப் பேச ஒரு தகுதி உண்டு. பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். இதற்கு வேண்டியது உடல் வலிமையன்று, பொறுமையும் அளவுமே.

ஆகவே, "இது விளையாட்டுத்தானே" என்னும் கேள்விக்கு நமது விடை இதுவே: அளந்து, கணக்கிட்டு, காத்து நடத்தினால் இது கல்வி, அவசரப்பட்டுக் கடனில் வாங்கி மூலையில் போட்டால் வீண் செலவு. எதுவாக அமையும் என்பது பெற்றோரின் மேற்பார்வையையும் பிள்ளைகளின் பொறுமையையும் பொறுத்தது. இவ்வாரமே ஓர் அளவுகோலையும் தாளையும் எடுத்துக்கொண்டு, செய்ய விரும்பும் பொருளை முழு அளவில் வரையத் தொடங்குங்கள். அதற்குச் செலவே இல்லை.