களைத்தவனுக்குத் தன் களைப்புத் தெரியாது

(பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் குப்பங்களில் பேசியது)



ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் நம்மைக் கடலுக்குப் போகாதே என்கிறார்கள். அங்கிருந்து மனிதனையே விண்ணுக்கு அனுப்ப ஏற்பாடு நடக்கிறது. அதற்குப் பொறுக்கியெடுத்த நால்வரும் விமானப்படை விமானிகள். ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். பெங்களூரில் அவர்கள் உடம்பை மட்டுமல்ல, மனதையும் சோதித்தார்கள்.

மனதை அளக்க முடியுமா? விமானிகள் விஷயத்தில் அதற்கு ஒரு யந்திரம் உண்டு. சிமுலேட்டர் என்பார்கள்; தரையை விட்டுக் கிளம்பாத விமானம். கருவிகள், குலுக்கல், ஜன்னலில் தெரியும் ஓடுபாதை எல்லாம் நிஜம் போலவே இருக்கும். திடீரென்று ஓர் எஞ்சினை அணைப்பார்கள். விமானி எத்தனை நொடியில் கவனித்தார், எதைக் கோட்டைவிட்டார் என்று குறிப்பார்கள். தவறினால் உயிர் போகாது; மறுபடி பழகலாம். 1929-ல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தந்தையின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், வாத்தியத் துருத்திகளைக் கொண்டே இப்படியொரு யந்திரத்தை ஆட்டி வைத்தார்.

1940-ல், யுத்த காலத்தில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இப்படியொரு விமானி அறையில் விமானிகளை மணிக்கணக்காக உட்காரவைத்துப் பார்த்தார்கள். கண்டது என்ன? நேரம் ஏற ஏறத் தவறு பெருகியது. ஓரத்திலிருந்த பெட்ரோல் கருவியைப் பார்க்கவே மறந்தார்கள். 'முடியப்போகிறது' என்று தெரிந்ததும் கவனம் சட்டென்று தளர்ந்தது. ஆனால் விமானியோ, தான் நன்றாகவே ஓட்டுவதாக நம்பிக்கொண்டிருந்தார்!

படகுத் தோழர்களே, இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டு முகத்துவாரம் கண்ணில் பட்டதும் மனம் என்ன சொல்லுகிறது? 'வந்துவிட்டோம்' என்கிறது. அலை அங்கேதானே புரட்டுகிறது! இரவு ஷிப்டின் கடைசி மணியில் விரலை இழந்த மில் தோழரைக் கேளுங்கள். நடுச்சாமத்தில் கதிரடிக்கும் யந்திரத்தருகே நிற்கும் கூலித் தோழரைக் கேளுங்கள். 'முடியும்' என்றுதான் அவரும் சொல்லியிருப்பார். களைத்தவனுக்கே தன் களைப்புத் தெரியாதபோது, 'அவனேதான் சம்மதித்தான்' என்று கைகழுவுவது என்ன நியாயம்? வேலை நேரத்துக்குச் சட்டம்தான் எல்லை கட்டவேண்டும்.

படித்த விமானிக்கும் இது சும்மா கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில் சர்க்கார் புது விதி வகுத்தது: வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி, இரவில் தரையிறக்குவது ஆறிலிருந்து இரண்டு. கம்பெனிகள் முரண்டு பிடித்தன. விமானிகள் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்காடிய பிறகே, 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு தவணையாக விதி அமலுக்கு வந்தது. டிசம்பரில், போதிய ஏற்பாடு செய்யாத இண்டிகோ கம்பெனி ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்தது. உடனே கம்பெனிக்கு இரவு வேலை விதியிலிருந்து தற்காலிக விலக்குக் கிடைத்தது!

மில்லிலும் அளந்தார்கள். கடிகாரத்தைக் கையில் பிடித்து, இரண்டு தறி பார்த்தவன் நான்கு தறி பார்க்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அளப்பது குற்றமல்ல, யாருக்காக அளப்பது என்பதே கேள்வி.

நமக்கு சிமுலேட்டர் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஊரில், மில்லில், வயலில் விபத்து நடந்தால் எழுதி வையுங்கள்: எந்த மணிக்கு நடந்தது, எத்தனை மணி நேர வேலைக்குப் பின் நடந்தது? ஒரு வருஷக் கணக்கோடு சங்கத்துக்கு வாருங்கள். ஓய்வு கேட்கப் போகும்போது அந்தக் கணக்கு நம் கையில் இருக்கட்டும்.