ஓதமும் கணக்கும்



கடலைப் பாடாத கவிஞர் நம்மில் இலர். ஆயினும் நம் பாடல்களில் வரும் கடல் பெரும்பாலும் அலையாகவே நின்றுவிடுகிறது. அலை வேறு, ஓதம் வேறு. அலையைக் காற்று எழுப்புகிறது. ஓதத்தைத் திங்களும் ஞாயிறும் ஈர்த்து எழுப்புகின்றன. அலை கண்ணுக்குத் தெரியும். ஓதத்தால் எழும் நீரோட்டமோ நடுக்கடலில் கண்ணுக்குப் புலப்படாமல் கலத்தையே சுமந்து செல்லும். அதனைப் பாய்மரப் படகோட்டிகள் கணக்கிடும் முறையை இன்று கூற விழைகிறேன்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கிடப்பது ஆங்கிலக் கால்வாய். வைட் தீவின் மேற்கு முனையிலுள்ள நீடில்ஸ் பாறைகளிலிருந்து ஏறத்தாழ 60 கடல் மைல் தெற்கே செர்பூர் துறைமுகம் உள்ளது. மணிக்கு 5 கடல் மைல் செல்லும் படகுக்கு இது 12 மணி நேரப் பயணம். அதற்குள் நீரோட்டம் ஏறத்தாழ ஆறு மணி நேரம் கிழக்கே பாயும். அடுத்த ஆறு மணி நேரம் மேற்கே பாயும்.

பழக்கமில்லாதவர் நேர்கோட்டை விடாது பற்றுவார். நீர் கிழக்கே தள்ளினால் படகை மேற்கே திருப்புவார். மேற்கே தள்ளினால் கிழக்கே திருப்புவார். குறுக்கோட்டம் மணிக்கு 2 கடல் மைல் என்றால், இந்தப் போராட்டத்தால் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும்.

தேர்ந்த மீகாமன் புறப்படுமுன்பே கூட்டிக் கழிக்கிறார். மணிக்கொரு படமாக நீரோட்டத்தைக் காட்டும் தொகுதி அவரிடம் உண்டு. கிழக்கே 12 மைல், மேற்கே 10 மைல் என்று கணக்கு வந்தால், எஞ்சுவது கிழக்கே 2 மைல். 60 மைல் தொலைவில் ஒரு மைல் விலகல் ஏறத்தாழ ஒரு பாகை. எனவே படகின் முகத்தை 2 பாகை மேற்கே வைத்து, அத்திசையையே இறுதிவரை காக்கிறார். நடுவழியில் படகு நேர்கோட்டினின்று 11 மைல் விலகி நிற்கும். அவர் கலங்குவதில்லை. விலக்கிய நீரே மீட்டுக் கொணரும் என்பது அவர் அறிந்தது.

ஆனால் காற்றுத் தணிந்து 12 மணி நேரம் 15 ஆனால் பழைய கணக்கு பொய்யாகும். மீண்டும் எண்ண வேண்டும். கரையை நெருங்கும்போது நீர் மேற்கே பாயுமானால், துறைக்குச் சற்றுக் கிழக்கே வந்து சேர வேண்டும். தவறி மேற்கே விலகினால் மீள்வது கடினம். அப்பாலுள்ள ஆல்டர்னித் தீவை ஒட்டிய இடுக்கில், காருவா, வெள்ளுவா நாட்களை ஒட்டி, நீர் மணிக்கு 8 மைலுக்கும் மிகுந்து ஓடும். 5 மைல் வேகப் படகு அங்கே முன்னோக்கி நின்றபடியே பின்னோக்கிச் செல்லும்!

இதனை அறியாமையின் விலையை வரலாறு காட்டுகிறது. கி.மு. 55இல் சீசர் இக்கால்வாயைக் கடந்தார். முழுநிலா இரவில் பேரோதமும் புயலும் சேர்ந்து அவர் கலங்களைச் சிதைத்தன. நிலவுக்கும் அவ்வோதத்துக்கும் உள்ள தொடர்பைத் தம்மவர் அறிந்திலர் என்று அவரே எழுதினார். ஓதம் மிகச் சிறிதாயுள்ள மத்தியதரைக் கடலில் பழகியவர்கள் அவர்கள்.

கணக்கு கவிதைக்குப் பகை என்பர் சிலர். அசையும் சீரும் எண்ணிப் பழகிய நாம் அவ்வாறு கூறலாகாது. நிறைமதியையும் மறைமதியையும் ‘உவா’ என ஒரே சொல்லால் குறித்த மொழி நம்முடையது. அவ்விரு நாட்களை ஒட்டியே ஓதம் பெருகுகிறது. சொல் நம்மிடம் இருக்கிறது. பொருளை உணர்ந்து பாடுவோமாக. கோட்டை விட்டு விலகியும் கரை தவறாத அந்தக் கலம், இனி நம் கவிதைக்குள்ளும் வரட்டும்.