அம்மா போட்ட கையெழுத்து

(பிஸ்கட்டவேயில் நடந்த இளையோர் சந்திப்பில் பேசியது. கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

என் தமிழ் வீட்டுத் தமிழ், தடுமாறினா பொறுத்துக்கோங்க.

நான் ஆறாம் வகுப்பு முடிக்கும்போது, அடுத்த வருஷம் வேகமான கணக்கு வகுப்புக்கு யார் யார் போகலாம்னு பள்ளியில பட்டியல் போட்டாங்க. என் பெயர் இல்லை. என் நெருங்கிய தோழி பெயரும் இல்லை. ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க்.

அன்னைக்கு ராத்திரியே அம்மா தெரிஞ்ச ஆன்ட்டிகளுக்கெல்லாம் போன் போட்டாங்க. "ஒரு படிவம் இருக்கு, கேட்டாத்தான் குடுப்பாங்க. பெற்றோர் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டா சேத்துக்குவாங்க"ன்னு ஒருத்தர் சொன்னார். மறுநாள் அம்மா கையெழுத்துப் போட்டாங்க. தோழியோட அம்மாவுக்கு கிடங்குல இரவு வேலை. ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். அப்படியொரு படிவம் இருப்பதே அவருக்குத் தெரியாது. நானும் சொல்லலை.

அந்தக் கையெழுத்து என்ன செய்தது? எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா முடித்தால், வழக்கமான வரிசையில் பன்னிரண்டாவதில் கால்குலஸ் வரும். ஒரு வருஷம் தள்ளிப்போனால், கோடை விடுமுறையில் தனியாகப் படித்துத்தான் எட்டிப்பிடிக்க வேண்டும். பிறகு கல்லூரி விண்ணப்பம். காமன் ஆப்பில் கவுன்சிலர் நிரப்பும் பகுதியில் ஒரு கேள்வி உண்டு: உங்கள் பள்ளியின் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால், இவர் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினம்? "மிக மிகக் கடினம்" என்ற கட்டத்தில் எனக்கு டிக் விழுந்தது. போட்டி அதிகமுள்ள கல்லூரிகள் மதிப்பெண்ணோடு சேர்த்து முதலில் பார்ப்பது இதைத்தான்.

"உங்கள் பள்ளியில் என்ன பாடங்கள் இருக்கின்றனவோ, அதை வைத்துத்தான் எடைபோடுகிறோம்" என்று கல்லூரிகள் சொல்கின்றன. ஏபி வகுப்புகள் குறைவாக உள்ள பள்ளிக்கு அது ஓரளவு நியாயம். ஆனால் ஒரே பள்ளிக்குள் யாரை எந்த அறைக்கு அனுப்பினார்கள் என்பதை அந்தக் கட்டம் கேட்பதில்லை. தோழி "சுலபமான பாடத்தைத் தேர்ந்தெடுத்தாள்" என்றுதான் அது வாசிக்கும்.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. இங்கிருந்து வடக்கே, சவுத் ஆரஞ்ச்–மேப்பிள்வுட் பள்ளி மாவட்டத்தில், உயர்நிலை வகுப்புகளில் வெள்ளையர் பிள்ளைகளும் கீழ்நிலை வகுப்புகளில் கறுப்பினப் பிள்ளைகளும் குவிந்திருப்பதாக ஏசிஎல்யூ 2014இல் புகார் கொடுத்தது. அதே ஆண்டு, கறுப்பின மாணவர்களுக்கு உயர்நிலை வகுப்புகளில் சம வாய்ப்பு தர, மாவட்டம் மத்தியக் கல்வித்துறையுடன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

2017 செப்டம்பர். நான் பன்னிரண்டாவது. கால்குலஸ் வகுப்பில் நான் இருந்தேன், தோழி இல்லை. அந்த வாரம் அரியலூர் அனிதா செய்தி வந்தது. பிளஸ் டூவில் 1200க்கு 1176, நீட்டில் 86. அவள் படித்தது மாநிலப் பாடத்திட்டம், நீட் கேட்டது மத்தியப் பாடத்திட்டம். டிவி முன்னாடி அம்மா அழுதாங்க. "சொல்லிக் குடுக்காத பாடத்துல பரீட்சை வச்சா அந்தப் பொண்ணு என்னதான் பண்ணும்?"

அம்மா கேட்டது சரி. ஆனா எனக்கு அந்தப் படிவம் ஞாபகம் வந்தது. அங்கே நம் கண்ணுக்குத் தெரியும் அநியாயம், இங்கே ஏன் "நம்ம பிள்ளைங்க உழைப்பு"ன்னு மட்டும் தெரியுது? நான் உழைக்கலைன்னு சொல்லலை. உழைக்க ஒரு நாற்காலி கிடைச்சுது, அவ்வளவுதான்.

அதுக்காகக் கடினமான வகுப்புகளை மூடச் சொல்லலை. கதவைத் திறக்கச் சொல்றேன். டெக்சஸ் தோழர்களுக்குத் தெரியும்: அங்கே 2023இல் ஒரு சட்டம் வந்தது. ஐந்தாம் வகுப்புக் கணக்கில் முதல் 40 சதவீதத்தில் வரும் பிள்ளைகள், ஆறாம் வகுப்பில் தானாகவே உயர்நிலைக் கணக்கில் சேர்க்கப்படுவார்கள். வேண்டாம் என்றால்தான் பெற்றோர் எழுதித் தர வேண்டும். அதாவது, உள்ளே போக இருந்த கையெழுத்து வெளியே வருவதற்கு என்று மாறிவிட்டது. வலதுசாரிகள் ஆளும் மாநிலத்தில் முடிந்தது, நம்ம ஜெர்சியில் ஏன் முடியாது?

உங்க ஊர் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போங்க. கணக்கு வகுப்புப் பிரிவில் எந்த இனம், எந்த வருமானம், எத்தனை பேர்னு கணக்குக் கேளுங்க. பெற்றோர் படிவம் இருந்தா, எல்லா மொழியிலும் எல்லா வீட்டுக்கும் அனுப்பச் சொல்லுங்க. நம்ம அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. படிவம் எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்க அவங்களை விட்டா ஆள் கிடையாது. இந்தத் தடவை அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகவும் கேட்கட்டும்.