‘சக்தி’ இசைக்குழு நமக்கு உணர்த்தும் பாடம்

(நவராத்திரி விழாவில், கலைமகள் பூசை இரவில் ஆற்றிய உரை)

 

கலைமகளைப் போற்றும் இந்நன்னாளில் இசையைப் பற்றிச் சில சொல்லுமாறு நிர்வாகத்தினர் என்னைப் பணித்தனர். நான் இசைவாணன் அல்லன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, பின்னர் அரசுப் பணியில் அமர்ந்தவன். பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் தேவாரம் பாடியதே நான் பெற்ற இசைப்பயிற்சி. ஆயினும் நான் பேச இசைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம் இளைஞர்கள் நால்வர், கிட்டார் இசையுடன் இம்மண்டபத்தில் தேவாரம் பாட அனுமதி கேட்டனர். கூடாது என்று கை உயர்த்தியவர்களுள் நானும் ஒருவன். அதன்பின் அவர்கள் ஆலயத்திற்கு வருவது குறைந்துவிட்டது. அந்த உறுத்தலோடுதான் உங்கள் முன் நிற்கின்றேன்.

அன்னையின் திருநாமத்தையே தன் பெயராகக் கொண்ட இசைக்குழு ஒன்று உலகில் உண்டு. ‘சக்தி’ என்பது அதன் பெயர். ஜான் மக்லாக்ளின் என்னும் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர், மின்கிட்டாரில் பெரும் புகழ் ஈட்டியவர். அவர் அப்புகழோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மாணவராய் அமர்ந்து வீணை கற்றார். பின்னர், மின்சாரம் வேண்டாத கிட்டாரைக் கையில் எடுத்து, மேடையில் சம்மணமிட்டு அமர்ந்தார். வயலின் வாசித்தவர் எல். சங்கர். அவருடைய தந்தையார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப்பின் அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. தபேலாவில் ஜாகிர் உசேன். மிருதங்கத்தில் இராமநாதபுரம் வி. ராகவன், கடத்தில் ‘விக்கு’ விநாயக்ராம். 1975 இல் அமெரிக்காவில் இவர்கள் நடத்திய கச்சேரியின் பதிவே 1976 இல் முதல் இசைத்தட்டாக வெளிவந்தது.

கர்நாடக இசையும் வடநாட்டு இசையும் ஒரே மேடையில் கூடுவது அக்காலத்தில் அரிது. அவற்றுடன் மேலைநாட்டு ஜாஸ் இசையும் சேர்ந்தது. இந்து, முஸ்லிம், ஆங்கிலேயர் என்ற வேற்றுமையின்றி யாவரும் ஒரு சுருதியில் இணைந்தனர்.

இவற்றுள் என் மனத்தை மிகவும் தொட்டது கடத்தின் கதை. கச்சேரிகளில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கம் முழங்கி முடித்தபின் கிடைக்கும் சிறு பொழுதே அதற்குரியது. மானாமதுரைக் களிமண்ணைச் சுட்டுச் செய்யும் மட்பாண்டம்தானே அது! சக்தியிலோ அதற்குக் கிட்டாருக்கும் வயலினுக்கும் நிகரான இடம் வாய்த்தது. உலகமெங்கும் அரங்குகள் அந்த மண்குடத்தின் ஓசையை அமைதியாகக் கேட்டன. பால்மரக் காட்டில் வாளி சுமந்த பெற்றோருக்குப் பிறந்து, இன்று தொழிற்பூங்காவின் ஆலைகளில் இரவும் பகலும் உழைக்கும் நம்மவர்க்கு இச்செய்தி புதிதன்று. எளியதெனப் பிறர் ஒதுக்கியது, இடம் கிடைத்தால் எழுந்து நிற்கும்.

மூன்று இசைத்தட்டுகளுக்குப் பின், 1978 இல் குழு பிரிந்தது. 1997 இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் மீண்டும் கூடியது. பின்னர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் அதில் இணைந்தார். மேலைநாட்டுக் கருவியான மாண்டலினைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கியவர் அவர். விநாயக்ராமின் இடத்திற்கு அவருடைய மைந்தர் செல்வகணேஷ் கஞ்சிராவுடன் வந்தார். பாடகர் சங்கர் மகாதேவனும் சேர்ந்தார். 2014 இல், நாற்பத்தைந்தே வயதில் ஸ்ரீநிவாஸ் மறைந்தார். இழப்பைத் தாங்கிக்கொண்டு, வயலின் கலைஞர் கணேஷ் ராஜகோபாலனுடன் குழு 2023 இல் ‘திஸ் மொமென்ட்’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டது. 2024 பிப்ரவரியில் அதற்குக் கிராமி விருது கிட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் காலமானார்.

அன்பர்களே, இவ்வரலாற்றில் நம் இரு சாராருக்கும் பாடம் உண்டு. இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். இவர்கள் கலந்தது கற்றபின்தான். ஒவ்வொருவரும் தத்தம் மரபில் பல்லாண்டு பயின்று, பிறகே அடுத்தவர் மரபை நாடினர். சுருதியும் தாளமும் அறியாமல் கலப்பது கலையாகாது. பெரியவர்களுக்கும், எனக்கும் சேர்த்துச் சொல்வது இது: வயலினும் ஒருகாலத்தில் கடல் கடந்து வந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர் முதலானோர் அதனை நம் இசைக்கு ஏற்றபடி பழக்கினர். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைக்க முடிகின்றதா? நம் ஆலயங்கள் பலவற்றில் திருவிழாவிற்கு நாதஸ்வரக் கலைஞரைத் தமிழகத்திலிருந்து அழைக்கின்றோம். இங்கேயே கற்க விழையும் பிள்ளைகளை வாயிலில் நிறுத்திவிட்டால், நாளை இம்மண்டபத்தில் யார் பாடுவர்?

ஆதலால் நிர்வாகத்தினர்க்கு ஒரு விண்ணப்பம். வாரம் ஒருநாள் இம்மண்டபத்தில் தேவாரப் பண்ணும் தாளமும் கற்பிக்க ஏற்பாடு செய்வோம். இரவு வேலைக்குச் செல்வோரும் வரத்தக்க நேரமாக அது அமையட்டும். அந்நால்வரையும் நானே நேரில் சென்று அழைத்து வருகின்றேன். ஓராண்டு அவர்கள் பயிலட்டும். பயின்றபின் அடுத்த நவராத்திரியில் கிட்டாருடனேயே பாடட்டும். அன்று மீண்டும் வாக்கெடுப்பு நடந்தால், இந்தக் கை அவர்களுக்காக உயரும்.

அன்னை பராசக்தியின் திருவருள் யாவர்க்கும் கிட்டுவதாக!